ஓய்வுக்குப் பிறகு தமிழ்நாட்டில் குடியேற: முதலில் தாத்தாவின் பத்திரம்

சுங்கை சிப்புட் போன்ற மலேசியத் தோட்டப்புற ஊர்களிலிருந்து ஓய்வுக்காலத்தில் தமிழ்நாடு போக நினைப்பவர்கள், வீடு பார்ப்பதற்கு முன் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வழி பாருங்கள். அது குடியுரிமை அல்ல, ஆயுள் விசா. மலேசியக் கடப்பிதழ் அப்படியே இருக்கும். இந்திய வம்சாவளியினர் விண்ணப்பிக்கலாம், எத்தனை தலைமுறை வரை என்பதை இந்தியத் தூதரகத்தில் கேளுங்கள்.

வம்சாவளியைப் பத்திரங்களால் நிரூபிக்க வேண்டும், சிக்கல் பெயரில்தான் வரும். தாத்தாவின் பழைய கப்பல் பத்திரத்தில் முனியாண்டி, அப்பாவின் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) தந்தை பெயர் முனியன் என்று இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு இது. உங்கள் பத்திரத்திலிருந்து மேலே ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் எடுத்து, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தொலைந்தவற்றுக்குத் தேசியப் பதிவிலாகாவில் நகல் கேளுங்கள். இருவரும் ஒருவரே என்ற சத்தியப் பிரமாணம் போதுமா என்பதைத் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே வேலையில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

ஓசிஐ இருந்தாலும் விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. சொந்தக்காரர் பெயரில் வாங்கிப் போடவே வேண்டாம், சட்டப்படி அதை உங்களுடையது என்று உரிமை கோர முடியாது. முதல் வருடம் வாடகைக்கு இருந்து சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் பாருங்கள்.

இபிஎஃப் (மலேசியத் தொழிலாளர் சேமநிதி) பணத்தை 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொண்டு போக அவசியமில்லை. விட்டுவைத்தால் 100 வயது வரை ஈவு கிடைக்கும். மலேசியக் கைப்பேசி எண்ணை மட்டும் காலாவதியாக விடாதீர்கள். வங்கிக் கணக்கு அந்த எண்ணோடு இணைந்திருக்கும்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கினால் வருமான வரிக்கு அங்கே வசிப்பவராகக் கணக்கிடப்படுவீர்கள். புறப்படும் முன் ஒரு கணக்காய்வாளரைப் பாருங்கள்.