எள் விழாத நிறம்: ஜப்பானிய மரக்கட்டை அச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சான மொகுஹாங்காவில் நுணுக்கமான கோடுகளைவிடக் கையைச் சோதிப்பது வெறும் வானம்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே நீலம், திட்டு இல்லை, கோடு இல்லை. அச்சுக்காரர்கள் இதை ட்சுபுஷி என்பார்கள். தவறிப்போனால் நிறத்துக்கு நடுவே எள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் விழும். அதற்குப் பெயரும் எள்தான்: கோமா-சுரி. கோமா என்றால் ஜப்பானிய மொழியில் எள்.

புள்ளி விழுந்ததும் எல்லோரும் செய்வது, தாளின் முதுகைத் தேய்க்கும் கைக்கருவியான பாரெனை இன்னும் அழுத்தித் தேய்ப்பது. பெரும்பாலும் கோளாறு கையில் இல்லை, தாளின் ஈரத்தில் இருக்கிறது.

நம் ஊர்த் துணி அச்சில் கட்டையை எடுத்துத் துணிமேல் குத்துகிறோம். இங்கே பலகை அசையாமல் கிடக்கும். அதன்மேல் நீர்ச்சாயமும் அரிசிப் பசையும் பூசி, தாளைக் கவிழ்த்து, முதுகுப் பக்கத்திலிருந்து பாரெனால் தேய்க்கிறார்கள். எண்ணெய் மை தாளின் மேல் படலமாக நிற்கும், இந்தச் சாயமோ நாருக்குள் இறங்கும். நார் காய்ந்திருந்தால், பலகையை முதலில் தொடும் மேட்டு நார்கள் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். பள்ளத்தில் இருப்பவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தப் பள்ளங்கள்தான் எள்ளாகத் தெரிகின்றன.

தாளை நனைப்பதில்

முதல் தவறு, ஸ்பிரே பாட்டிலால் தெளித்த கையோடு அச்சிடுவது. தெளித்த துளி விழுந்த இடம் ஒரு நிறம், விழாத இடம் இன்னொரு நிறம் என்று வரும். இரண்டாவது, தாளைத் தட்டில் முக்கி எடுப்பது. நார் தண்ணீரால் நிரம்பிவிட்டால் சாயம் ஓரம் தாண்டிக் கசியும்.

பத்துத் தாள் அச்சிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அகலமான தட்டை பிரஷால் ஒன்றுவிட்டு ஒரு தாளின் பின்பக்கத்தில் தண்ணீர் பூசி, நடுவே காய்ந்த தாள்களைச் செருகி அடுக்குங்கள். அடுக்கை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே சமமான பலகை ஒன்றை வைத்து இரவு முழுக்க விடுங்கள். ஈரம் தானாகவே எல்லாத் தாளுக்கும் பங்காகிவிடும். காலையில் ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்தால் பளபளப்பு இருந்தால் தண்ணீர் அதிகம். மூலையைப் பிடித்துத் தூக்கும்போது படபடவென்று சத்தம் வந்தால் இன்னும் போதவில்லை.

வேலை நடக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. அடுக்கை மூடியே வைத்து, ஒரு தாளை எடுத்து அச்சிட்டு, உடனே உறைக்குள் திருப்பி வையுங்கள். கோசோ என்ற மரப்பட்டை நாரால் செய்த தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே ஈரம் மாறினால் நிறம் திட்டாவதோடு நிற்காது, அடுத்த பலகை கென்தோ குறியில், அதாவது தாளை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைக்கப் பலகையில் வெட்டிய அடையாளத்தில், பொருந்தவும் பொருந்தாது. இரண்டு மூன்று நாளில் முடியாத வேலை என்றால் அடுக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. கடலோர ஊர்களில் பூஞ்சணம் அதற்குள்ளாகவே பிடித்துவிடும்.

தாளின் தோசாவையும் பார்க்க வேண்டும். தோசா என்பது விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த பூச்சு. வாங்கிய தாளில் அது எவ்வளவு இருக்கிறது என்று அறிய, காய்ந்த ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போய்விட்டால் பூச்சு போதாது. சாயம் முதுகுவரை இறங்கும், பாரென் தேய்ப்பில் நார் உரியும். வெகுநேரம் முத்தாக உருண்டு நின்றால் பூச்சு அதிகம், அந்தத் தாள் சாயத்தை ஏற்காது. மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் எள் விழுந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வாஷியின், அதாவது ஜப்பானியத் தாளின், வழவழப்பான பக்கமே முகம். பின்பக்கம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.

பலகைக்கும் தாகம் உண்டு

காய்ந்த பலகையில் எடுக்கும் முதல் அச்சு வெளிறித்தான் வரும். அதைப் பார்த்துச் சாயத்தைக் கெட்டியாக்கினால் ஐந்தாவது அச்சு கறுத்துப்போகும். கால் மணி நேரம் முன்பே அச்சுப் பரப்பை ஈரப் பஞ்சால் துடைத்து வையுங்கள். பிறகு நாலைந்து கழிவுத் தாள்களில் அச்சிட்டுத் தள்ளுங்கள். நல்ல தாளை அதன்பிறகே எடுங்கள்.

எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டு) பலகைக்கு மலைச் செர்ரி மரத்தைத் தேர்ந்தார்கள். அது கடினமானது, ரேகை நெருக்கமானது. இன்று கற்பவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஷினா ஒட்டுப்பலகை. முதல் நனைப்பில் அதன் நார் மேலெழும். ஒருமுறை நனைத்து, நன்றாகக் காயவிட்டு, 400 எண் உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தடவை ஓட்டிவிட்டால் அடங்கிவிடும். அழுத்தித் தேய்த்தால் பரப்பில் பள்ளம் விழும், அங்கே பிறகு எந்த பாரெனும் எட்டாது.

சாயமும் பசையும்

பசை இங்கே ஒட்டுவதற்கு மட்டும் இல்லை. சாயத்தைப் பலகை முழுக்கச் சீராகப் பிடித்துவைப்பதும் அதுதான். ஒரு பங்கு அரிசி மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். சோறு வடித்த கஞ்சி உதவாது. அது நீர்த்தது, உப்புப் போட்டு வடித்ததாகவும் இருக்கும்.

அஞ்சலட்டை அளவுப் பரப்புக்குப் பால் பதத்தில் கரைத்த சாயம் அரை டீஸ்பூன், பசை ஒரு பட்டாணிக்கும் குறைவு. இது தொடக்க அளவு. மரமும் தாளும் மாறினால் இதுவும் மாறும். குழாய் நீர்வண்ணத்தில் ஏற்கெனவே வேலம்பிசின் வகைப் பிசின் இருப்பதால் பசையை இன்னும் குறைக்கலாம். பொடி நிறமிக்குச் சற்றுக் கூட்ட வேண்டும்.

பசை குறைந்தால் எள். கூடினால் வேறு தொல்லைகள்: தூக்கும்போது தாள் பலகையை இழுக்கும், நார் பிய்யும், பிரஷ் போன தடம் அப்படியே பதியும், வடிவத்தின் ஓரத்தில் சாயம் பிதுங்கிக் கறுப்பு விளிம்பு கட்டும். ஒவ்வோர் அச்சுக்கும் பசை போட வேண்டியதில்லை. பலகையில் மிச்சம் இருக்கும், அதைக் கணக்கில் எடுங்கள்.

வெள்ளைப் புள்ளி வேறு, கரும்புள்ளி வேறு. கரும்புள்ளி என்றால் நிறமி கரையாமல் கட்டியாக நிற்கிறது. 1830 வாக்கில் ஓவியர் ஹொகுசாயின் ஃபுஜி மலைக் காட்சிகள் வழியாகப் புகழ்பெற்ற பெர்லின் நீலம், ஜப்பானியர் வாயில் பெரோ-ஐ, பொடியாக வாங்கினால் தண்ணீரில் எளிதில் நனையாது. முதலில் சில சொட்டு ஆல்கஹால் விட்டுக் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து அரைக்க வேண்டும்.

பிரஷ் வேலை

குதிரைமுடி பிரஷின் நுனி மெல்லியதாகப் பிரிந்திருக்க வேண்டும். அதற்காகவே ஜப்பானில் நுனியைச் சூட்டில் பொசுக்கிச் சுறாத்தோலில் தேய்ப்பார்கள். மொட்டையான விறைப்பு முடி எத்தனை கவனமாகப் பூசினாலும் கோடு போடும்.

சாயத்தையும் பசையையும் பலகையில் வைத்து, முதலில் வட்டமாகச் சுழற்றிக் கலக்குங்கள். அடுத்து குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பரப்புங்கள். கடைசி இரண்டு மூன்று இழுப்பு நீளமாக, ஒரே திசையில், பிரஷின் எடை மட்டும் படும்படி இருக்கட்டும். இப்போது குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். பரப்பு வெல்வெட் துணிபோல மங்கலாக, ஒரே ஈரமாகத் தெரிந்தால் சரி. எங்காவது குளம்போல மின்னினால் பிரஷால் ஒற்றி எடுங்கள். செதுக்கிய பள்ளத்தில் தங்கிய சாயத்தைத் துணியால் துடையுங்கள், விளிம்பில் கறை கட்டுவது அதனால்தான். பிறகு தாமதிக்காதீர்கள். மெல்லிய பூச்சு நொடிகளில் காயத் தொடங்கும்.

பாரென்

பாரெனுக்குள் இருப்பது மூங்கில் குருத்தை மூடியிருக்கும் உறையைக் கிழித்து முறுக்கிச் சுருட்டிய கயிறு. தடித்த கயிறு பரந்த நிறத்துக்கு, மெல்லியது கோட்டுக்கு. கோட்டுக்கான பாரெனால் வானம் அச்சிடுவது வீண் உழைப்பு.

விரலால் அழுத்தாதீர்கள். முழங்கையை உயர்த்தி, தோளின் எடையை உள்ளங்கை வழியாக இறக்குங்கள். நெருக்கமான வளைவுகளாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய், பிறகு குறுக்காக ஒருமுறை. மனம்போன போக்கில் சுற்றினால் சுழல் தடம் விழும். அந்தத் தடத்தையே அழகாக்கி, பாரென்-சுஜி என்ற பெயரில் கவாசே ஹசுய் போன்ற கலைஞர்களின் ஷின்-ஹாங்கா (இருபதாம் நூற்றாண்டின் ‘புது அச்சு’ பாணி) அச்சுகளில் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சமநிறம் வேண்டுமென்றால் அது பிழைதான். தாள் முதுகு உரிகிறது என்றால் நடுவே கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் (baking) தாள் ஒன்றை வையுங்கள். பாரெனின் மூங்கில் உறையில் எண்ணெய் தொட்ட துணியால் லேசாக ஒரு துடைப்பு போதும். கூடினால் தாளில் எண்ணெய்க் கறை வரும்.

அடர்நிறத்தை ஒரே அச்சில் வாங்கப் பார்ப்பதுதான் பலரும் கடைசிவரை விடாத ஆசை. மெல்லிய சாயத்தில் இரண்டு முறை அச்சிடுங்கள். முதல் அச்சின் பள்ளங்களை இரண்டாவது நிரப்பிவிடும். கறுப்புக்கு மூன்று முறைகூடத் தேவைப்படும். தாள் ஈரமாக இருக்கும்போதே, அதே கென்தோவில் வைத்து அச்சிட வேண்டும்.

ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பி அளவை மாற்றவும் கூடாது. காய்ந்தால் நிறம் வெளிறும். சோதனை அச்சிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி, மிதமான இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திப் பார்த்துவிட்டு, பசையைக் கூட்டுவதா தண்ணீரைக் குறைப்பதா என்று அப்புறம் முடிவெடுங்கள்.