வீட்டிலேயே காரின் ஆல்டர்னேட்டரை மாற்றுவது எப்படி?

நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் இன்றும் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்னேட்டர், என்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று, விளக்கு, ஹாரன், இக்னிஷன் ஆகியவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருவதோடு பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது. மாருதி 800, ஆம்னி போன்ற, ஒற்றை 'வி' பெல்ட் கொண்ட பழைய கார்களை வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். 2015இல் மாருதி சியாஸ் காரில் வந்த எஸ்எச்விஎஸ் என்ற ஹைப்ரிட் ஏற்பாடு போன்ற அமைப்புகளில் ஸ்டார்ட்டர் வேலையையும் ஆல்டர்னேட்டர் வேலையையும் ஒரே கருவி செய்வதால், அவற்றை வீட்டில் கழற்ற முயல வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சோதியுங்கள்

என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்தால், முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது அதே இடத்தில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அப்போதும் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஆனால் அதற்குக் காரணம் ஆல்டர்னேட்டர்தான் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. நான் ஒருமுறை அப்படி அவசரப்பட்டுப் புதிய ஆல்டர்னேட்டரை மாட்டினேன். இரண்டே நாளில் பேட்டரி மறுபடியும் இறங்கிப்போனது. பேட்டரி முனையின் கவ்விக்கு அடியில் பச்சை பூத்துக்கிடந்த கம்பிதான் உண்மையான குற்றவாளி. எனவே, என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனையிலும் பேட்டரியிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரில் 14 வோல்ட்டும் பேட்டரியில் 12.5 வோல்ட்டும் இருந்தால், பழுது இடையில் உள்ள வயரிலோ இணைப்பிலோதான் இருக்கிறது. பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் சார்ஜ் குறையும். டாஷ்போர்டில் உள்ள சிவப்பு பேட்டரி விளக்கின் பல்பு எரிந்துபோயிருந்தால்கூடச் சில கார்களில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காது, ஏனெனில் அதற்கான தொடக்க மின்சாரம் அந்தப் பல்பு வழியாகவே போகிறது.

என்ஜின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைச் செய்யவே கூடாது. அப்போது திடீரென எகிறும் வோல்டேஜ், நன்றாக இருக்கும் ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகங்கள்) சேர்த்து எரித்துவிடும்.

கழற்றுதல்

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, முதலில் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். இந்தப் படியை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் பேட்டரியின் பிளஸ் முனையோடு எப்போதும் இணைந்திருப்பதால், சாவியை அணைத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பேனரின் ஒரு முனை அந்த நட்டிலும் மறுமுனை காரின் உடலிலும் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்து, வயர்கள் எங்கெங்கே போகின்றன என்று கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, தடித்த வயரின் ரப்பர் மூடியை விலக்கி நட்டைக் கழற்றுங்கள். சிறிய பிளக்கை அதன் பூட்டை அழுத்தி எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிறகு, வளைந்த பட்டையில் உள்ள சரிசெய் போல்ட்டையும் ஆல்டர்னேட்டர் தொங்கும் நீண்ட போல்ட்டையும் தளர்த்தி, அதை என்ஜின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தளர்ந்து கழன்றுவிடும். போல்ட்டுகளை முழுவதும் உருவும்போது ஆல்டர்னேட்டரை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குச் சிறியதாக இருந்தாலும் சில கிலோ கனக்கும்.

புதியதைப் பொருத்துதல்

பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புல்லியின் அகலம், போல்ட் துளைகளின் இடம், பிளக்கின் வடிவம், பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியர் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். புதியது, என்ஜினில் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்குள் நுழையாமல் அடம்பிடித்தால் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். பெரும்பாலும், அதன் பின்பக்கக் காதில் (போல்ட் நுழையும் நீட்சியில்) உள்ள துளையின் இரும்பு புஷ் எனப்படும் சிறு குழாய் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டரைக் கீழே வைத்து அந்த புஷ்ஷை மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக மெதுவாகத் தட்டினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நீண்ட போல்ட்டை இறுக்கும்போது அந்த புஷ் தானாக நகர்ந்து பிராக்கெட்டைக் கவ்விக்கொள்ளும்.

பெல்ட்டின் உள்பக்கத்தில் வெடிப்போ கண்ணாடி போன்ற பளபளப்போ இருந்தால் புதிய பெல்ட்டையே மாட்டிவிடுங்கள். இரண்டு போல்ட்டுகளையும் லேசாக முடுக்கிவிட்டு, ஒரு மரக்கட்டையை என்ஜினுக்கும் ஆல்டர்னேட்டரின் முன்பக்க உறைக்கும் இடையே கொடுத்து வெளிப்பக்கமாக நெம்பியபடி சரிசெய் போல்ட்டை இறுக்குங்கள், பிறகு நீண்ட போல்ட்டை இறுக்குங்கள். பின்பக்க அலுமினிய உறையில் நெம்பினால் அது விரிசல் விடும். இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் ஏறத்தாழ 10 கிலோ விசையில் அழுத்தினால், அது 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தளர்ந்த பெல்ட் கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுக்கும், ஆனால் அதிகம் இறுகிய பெல்ட்டோ சத்தமே இல்லாமல் ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் தின்றுவிடும்.

வயர்களை மாட்டி, ரப்பர் மூடியைப் பொருத்திய பிறகு, மைனஸ் கம்பியைக் கடைசியாக இணையுங்கள். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றிக்கொள்வது நல்லது, ஏனெனில் செத்த பேட்டரியை ஏற்றும் சுமையைப் புதிய ஆல்டர்னேட்டரின் தலையில் போட்டால் அது அளவுக்கு மீறிச் சூடாகும்.

என்ஜினை இயக்கியதும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தியபடி பேட்டரியை அளந்தால் 13.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது; 15 வோல்ட்டைத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரியில்லை என்பதால் உடனே என்ஜினை நிறுத்திவிட்டு ஆல்டர்னேட்டரைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். புதிய பெல்ட் முதல் சில நாட்களில் சற்று நீளும் என்பதால், ஒரு வாரம் ஓட்டிய பிறகு அதன் இறுக்கத்தை மறுபடியும் அழுத்திப் பாருங்கள்.