உப்புக்காற்றில் ஏசி காயிலைக் காப்பாற்றியது

கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஏசி வாங்கிய மூன்றாவது வருடமே குளிர்ச்சி குறைந்துவிட்டது. வெளி யூனிட்டின் பின்பக்கம் பார்த்தால், காயிலில் (வெப்பத்தை வெளியே விடும் குழாய், தகடு அடுக்கு) அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பொடி பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தன. செம்புக் குழாயும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். அரித்த காயில் மேலேயே பாதுகாப்புப் பூச்சை ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன், சில மாதத்தில் உரிந்து வந்துவிட்டது. அடியில் உப்பு இருந்தால் பூச்சு பிடிக்காது. அப்புறம் புதுக் காயில் வாங்கி, மாட்டுவதற்கு முன்பே கறுப்பு எபாக்ஸியில் (கெட்டியாக இறுகும் பிசின்) முக்கியெடுத்துப் பூச்சு போட வைத்தேன், ஸ்ப்ரே தகடுகளின் இடுக்குக்குள் சரியாகப் போகாது, முக்கினால்தான் உள்ளே வரைக்கும் பிடிக்கும். பூச்சு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு உப்பைக் கழுவுகிறேன், அமிலம் கலந்த கிளீனர் பக்கமே போவதில்லை. ஐந்து வருடம் ஆகிறது, தகடுகள் இன்னும் கறுப்பு மாறாமல் அப்படியே இருக்கின்றன.