கொத்தாமல் ஒரு தீன்பாத்தி: கொழும்பு வளவில் குருவிகளுக்கும் மண்ணுக்கும்

போன நவம்பரில், இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்த ஒரு விடியலில், எங்கள் தெஹிவளை வீட்டுப் பின்வளவில் ஆறுமணிக்குருவி ஒன்று நின்றது. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணோடு சேர்த்து இழுத்த கறுப்புக் கோடு, கட்டை வால். ஒரு மாஞ்சருகை அலகால் தூக்கி எறியும், கீழே பார்க்கும், இரண்டு தத்துத் தத்தும், அடுத்த சருகுக்குப் போகும். நாலாவது சருகின் கீழ் மண்புழு ஒன்று அகப்பட்டது. இந்தியாவிலிருந்து ஒக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரல் வரை இங்கே தங்கிப் போகும் குருவி அது. நான் பாடுபட்டு விதைத்திருந்த குரக்கனையும் தினையையும் திரும்பியும் பார்க்கவில்லை.

குருவிக்கென்று பாத்தி போடுபவர் முதலில் சேர்க்கவேண்டியது சருகு, தானியம் அதற்குப் பிறகுதான் என்று அன்றைக்கு விளங்கியது. அப்படி ஒரு பாத்தியை மண்ணைக் கொத்தாமல் எப்படிப் போடுவது என்று, இதுவரை ஒரு செடியும் வைக்காதவருக்கும் புரியும்படி கீழே சொல்கிறேன்.

காட்டு உயிர்களுக்கென்று தீன் விதைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பெரிய அளவில் உண்டு. மானுக்கும் வான்கோழிக்கும் ஏக்கர்கணக்கில் குளோவர் என்ற தீவனச்செடி, கோதுமை போன்ற ரை, ஓட்ஸ் எல்லாம் விதைப்பார்கள். அவர்களில் பலர் இப்போது உழுவதை விட்டுவிட்டார்கள். ரைப் பயிரை வளரவிட்டு, அதற்குள்ளேயே அடுத்த பயிரின் விதையை வீசி, ரை பூக்கும் நேரம் பாரமான உருளையால் அதை நிலத்தோடு சாய்க்கிறார்கள். சாய்ந்த தாள் போர்வையாகக் கிடக்க, விதை அதற்குள்ளால் முளைத்து வருகிறது. பூக்குமுன் சாய்த்தால் ரை திரும்ப எழும்பிவிடும், அதனால் நேரம் பார்த்துச் செய்கிறார்கள். 1930களில் உழுத நிலம் புழுதியாகப் பறந்ததைக் கண்ட நாடு அது. 1935 இல் மண்ணைப் பாதுகாப்பதற்கென்றே அரசுச் சேவை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் வழிவந்த அமைப்பு இன்றைக்கும் சொல்வது இவைதான்: கிளறுவதைக் குறை, மண்ணை மூடிவை, உயிருள்ள வேர் ஒன்று எப்போதும் மண்ணில் இருக்கட்டும், பலவகைப் பயிரைக் கலந்து போடு.

எங்களிடம் ஏக்கரும் இல்லை, மானும் இல்லை. எட்டடிக்கு ஆறடி இடம் இருந்தால் போதும். வருவது கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, புள்ளிச்சில்லை, தேன்சிட்டு, தையல்சிட்டு, செண்பகம், அணில், வண்ணத்துப்பூச்சி. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018 இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. சதுப்பு நிலங்களுக்கும் வீட்டு மரங்களுக்கும் இடையில் குருவிகள் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன. நடுவில் இறங்க ஒரு இடம் கொடுத்தால் இறங்கும்.

ஏன் கொத்தக் கூடாது

முதல் வருடம் நானும் கொத்தினேன். மண்வெட்டியால் முக்கால் அடி ஆழத்துக்குப் புரட்டி, கட்டி உடைத்து, பொலபொலவென்று ஆக்கி வைத்தேன். பார்க்க வடிவாக இருந்தது. மே மாத மழை வந்தது. மூடாத மண்ணில் விழுந்த துளிகள் மண் உருண்டைகளை அடித்து உடைத்தன. உடைந்த நுண்துகள் மண்ணின் துவாரங்களை அடைத்தது. வெயில் எறித்ததும் மேல்மண் ஓடுபோலக் காய்ந்து வெடித்தது. அதற்குப் பிறகு பெய்த மழை உள்ளே இறங்காமல் கானுக்குள் ஓடியது.

கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது இன்னும் அதிகம். புரட்டும்போது காற்றுப் பட்டு, மண்ணில் உள்ள உக்கலை, அதாவது உக்கிய இலை, வேர் மிச்சத்தை, நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்று தீர்த்துவிடும். வேரோடு வேராக ஓடி நீரும் சத்தும் எடுத்துக் கொடுக்கும் பூஞ்சை இழைகள் அறுந்துவிடும். ஆழத்தில் உறங்கிக் கிடந்த களை விதைகள் வெளிச்சம் கண்டு முளைக்கும். அந்த வருடம் என் பாத்தியில் நன்றாக வளர்ந்தது கோரை மட்டும்தான்.

முதலாம் படி: மண்ணைப் பாருங்கள்

ஒரு மூலையில் மட்டும், ஒரே ஒரு தடவை, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுங்கள். மணந்து பாருங்கள். முதல் மழைக்கு வரும் வாசம் இருந்தால் நல்லது. அழுகல் நாற்றம் அடித்தால் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அடிமண் இறுகியிருக்கிறது. மண்புழுக்களை எண்ணி எழுதிவையுங்கள். பிறகு ஒரு சிறு கட்டியை நன்றாகக் காயவைத்து, கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். சில நிமிடங்களில் கரைந்து சேறானால் அந்த மண்ணைச் சேர்த்துப் பிடிக்க உக்கல் இல்லை. உயிருள்ள மண் நெடுநேரம் கட்டியாகவே இருக்கும்.

இன்னொரு சோதனைக்கு ரின்மீன் பேணி போதும். இரண்டு பக்கமும் வெட்டி, இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணில் அழுத்தி, தண்ணீர் நிரப்பி, வடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். உடனே இரண்டாம் தடவையும் நிரப்பி அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் சரியான கணக்கு. எங்கள் வளவில் முதல் தடவை செய்தபோது நான் உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தும் பேணியில் பாதித் தண்ணீர் நின்றது.

வெள்ளவத்தை, கல்கிசைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் சட்டென்று இறங்கும், அதை நம்பி ஏமாறவேண்டாம். மணலில் நீரும் நிற்காது, சத்தும் நிற்காது. உள்ளே தள்ளிப்போனால் கபுக் கல் என்ற செம்பூரான் கல் கலந்த சிவப்பு மண். நிரப்பிய காணி என்றால் கொங்கிறீட் துண்டும் ஓட்டுத் துண்டும் வரும். மூன்றுக்கும் மருந்து மேலே போடும் சருகுதான். நிரப்பிய காணிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அலவாங்கை ஒரு அடிக்கு ஒன்றாகக் குத்தி, முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். மண்ணைப் புரட்டவேண்டாம்.

இரண்டாம் படி: இடம்

சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள். பாத்தியில் போடப்போகும் காட்போட்டும் சருகும் கறையானைக் கூப்பிடும், அது வீட்டுக்குள் வரக்கூடாது. பக்கத்தில் செவ்வரத்தை போல ஒரு பற்றை இருந்தால் பூனை வரும்போது குருவி ஒளிந்துகொள்ளும். அரை நாள் வெயில் வேண்டும்.

மூன்றாம் படி: போர்வை

ஓகஸ்ட் முடிவில் தொடங்கினால் ஒக்டோபர் மழைக்கு விதைக்கலாம். பெப்ரவரியில் தொடங்கினால் ஏப்ரல் இடிமழைக்கு. மே, ஜூன் அடைமழையில் விதைத்தால் சின்ன விதையெல்லாம் அள்ளுண்டு போகும்.

புல்லை அடியோடு வெட்டி அங்கேயே போடுங்கள், பிடுங்க வேண்டாம். நன்றாக நனையுங்கள். அதன்மேல் காட்போட். கடைகளில் கேட்டால் வெறும் பெட்டி தருவார்கள். ரேப்பையும் பிளாஸ்ரிக் பூச்சுள்ள மட்டையையும் நீக்கிவிடுங்கள். ஒரு மட்டையின் விளிம்பு அடுத்ததின் மேல் அரை அடி ஏறியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் கோரை அதற்குள்ளால் தலை நீட்டும். அதையும் நனைத்து, மேலே பச்சைத் தழை மூன்று அங்குலம். சீமைக்கிளுவை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கிளிசரியா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தழைச்சத்து (நைதரசன்) நிறைந்த இலை, சீக்கிரம் உக்கும். அதற்கு மேல் காய்ந்த சருகு அரை அடி. மா, பலா, மகோகனி எதுவும் ஆகும். பெரிய இலையைக் காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

காய்ந்த சருகு மண்ணின் தழைச்சத்தை இழுத்துவிடும் என்று சொல்வார்கள். மண்ணுக்குள் புரட்டிக் கலந்தால் அது உண்மைதான், உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் சருகும் மண்ணும் தொடும் அந்த மெல்லிய படையில் மட்டும்தான் அது நடக்கும், வேருக்குப் பாதிப்பு இல்லை.

சருகுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பேச்சாக இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். விடியக் கூட்டாத முற்றம் அவருக்கு ஒரு வீட்டின் குறை. பின்வளவில் அரை அடி சருகைக் கண்டதும் “வீட்டுக்குள்ள பாம்பு வரட்டும் எண்டோ இப்பிடிப் போட்டு வைச்சிருக்கிறாய்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் பாத்தியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு வெறும் நிலம் விட்டேன். முன்முற்றத்தை அம்மா வழமைபோலக் கூட்டட்டும், கூட்டியதைக் குப்பைக்காரருக்குக் கொடுக்காமல் பின்னால் கொண்டுவருவோம் என்று முடிவாயிற்று. எங்கள் ஒழுங்கையில் இன்னும் சிலர் சருகைக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். மண்ணுக்குப் போகவேண்டிய சத்து புகையாய்ப் போவதைப் பார்க்க எனக்கு மனது கேட்பதில்லை. ஒரு உரப்பையைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக அள்ளித் தருவார்கள்.

சமையலறைக் கழிவு இந்தப் பாத்திக்கு வேண்டாம். எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். கையுறை போட்டே வேலை செய்யுங்கள்.

டெங்கு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சருகுப் படையில் தண்ணீர் தேங்காது, தேங்குவது அதற்குள் ஒளிந்திருக்கும் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும்தான். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு தடவை எங்கள் வளவைப் பார்க்க வந்தார். சருகைக் கிளறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செவ்வரத்தைக்குக் கீழே, காற்றில் வந்து விழுந்த ஒரு யோகட் கோப்பையைக் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வளவை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். குருவிக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியைத் தினமும் ஊற்றிவிட்டு, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுகிறேன்.

நாலாம் படி: விதை

விதைக்கென்று தனியாகத் தேடவேண்டாம். புறக்கோட்டைத் தானியக் கடையில் முழுப் பயறு, கௌபி, குரக்கன், எள்ளு வாங்கலாம். தினையும் சூரியகாந்தியும் கூட்டுக்கிளிக்குத் தீன் விற்கும் கடையில் கிடைக்கும். எதையும் பத்து விதை எடுத்து ஈரத்துணியில் சுற்றி மூன்று, நாலு நாள் வையுங்கள். ஏழு முளைத்தால் நல்ல விதை. எட்டடிக்கு ஆறடிப் பாத்திக்குப் பயறும் கௌபியும் ஒவ்வொரு பிடி, தினை ஒரு மேசைக்கரண்டி, குரக்கன் ஒரு தேக்கரண்டி, எள்ளு அதில் பாதி, சூரியகாந்தி பதினைந்து விதை. அடிமண் இறுகியிருந்தால் நீள முள்ளங்கி விதையும் கொஞ்சம் சேருங்கள், அதன் கிழங்கு மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

ஆறு, எட்டு வாரத்தில் காட்போட் பிசுபிசுத்து இத்துப் போயிருக்கும். சருகைக் கையால் ஒதுக்கி, கையகலத்துக்கு வரிசைகள் எடுங்கள். சின்ன விதையை மணலோடு கலந்து தூவி, காலால் மெல்ல அழுத்துங்கள். விதை மண்ணைத் தொடவேண்டும், சருகின் மேல் கிடந்தால் முளைத்துக் காய்ந்துவிடும். அப்புறம் எறும்பும் புறாவும். முதல் ஒரு வாரம் தென்னோலை ஒன்றை மேலே போட்டு வைத்தால் புறாவிடமிருந்து தப்பலாம். எறும்புக்கென்று கொஞ்சம் கூடுதலாகவே விதையுங்கள்.

ஐந்தாம் படி: வளரும் காலம்

உரம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். கௌபியில் சாறு உறிஞ்சும் அசுவுணிப் பூச்சி கட்டாயம் வரும், பின்னாலேயே அதைத் தின்னப் பொறிவண்டு வரும். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டால் விட்டுவிடுங்கள், அது வண்ணத்துப்பூச்சியாகலாம், அல்லது தையல்சிட்டுக் குஞ்சின் வாய்க்குள் போகலாம். தானியம் தின்னும் குருவிகளிலும் பல, குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும்.

ஒரு மாதம் போனதும் ஒரு கௌபிச் செடியை மட்டும் மண்ணோடு மெல்ல எடுத்துப் பாருங்கள். வேரில் மிளகளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். காற்றிலுள்ள நைதரசனைப் பற்றீரியா அங்கே செடிக்குச் சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

மழைக்காலத்தில் பெரிய ஆபிரிக்க நத்தை சருகுக்குள் குடிவரும். இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். மிச்சத்தைச் செண்பகம் பார்த்துக்கொள்ளும். நத்தை அதற்குப் பிடித்த தீன், விஷம் வைத்தால் செண்பகத்துக்கும் சேர்த்து வைத்ததாகிவிடும்.

ஆறாம் படி: வெட்டு

பயறும் கௌபியும் பூக்கத் தொடங்கும்போது பாதியை அடியோடு வெட்டி அங்கேயே படுக்கப்போடுங்கள். அது மண்ணின் பங்கு. இலையில் சத்து நிறைந்திருக்கும் நேரம் அது, காய் பிடித்தால் சத்து விதைக்குப் போய்விடும். மற்றப் பாதி பூத்துக் காய்க்கட்டும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். தினையையும் குரக்கனையும் தொடவே வேண்டாம். கதிர் முற்றியதும் புள்ளிச்சில்லைகள் வரும். ஒரு கதிரில் ஒன்று தொங்கும், கதிர் வளைந்து நிலத்தைத் தொடும், தொட்ட இடத்தில் இன்னொன்று நின்று கொத்தும்.

எதை வெட்டினாலும் வேரைப் பிடுங்காதீர்கள். வேர் உக்கிய துவாரம்தான் அடுத்த மழைக்கு வழி. தாள் காய்ந்த இடங்களில் சருகை ஒதுக்கி அடுத்த விதையைப் போட்டு மூடுங்கள். இரண்டாம் தடவை காட்போட் தேவைப்படாது.

எங்கள் பாத்திக்கு இப்போது மூன்று போகம் முடிந்துவிட்டது. அதே ரின்மீன் பேணியை அதே இடத்தில் அழுத்தி இரண்டு தடவை நிரப்பினேன். இரண்டாம் தண்ணீரும் நான் நிமிர்வதற்குள் இறங்கிவிட்டது. பக்கத்தில் அம்மா முன்முற்றத்துச் சருகோடு கடகத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார். “இண்டைக்கு எந்தப் பக்கம் கொட்ட?” என்று கேட்டார். மாமரத்தடியைக் காட்டினேன், ஆறுமணிக்குருவி வந்து நின்ற பக்கம்.