கிராம சபையில் சொன்னதை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற வைப்பது எப்படி? (கேரளத்துச் சித்தூர்ப் பக்கத் தமிழர்களுக்கு)

எங்கள் தெருவில் துருப்பிடித்துக் கிடக்கும் குடிதண்ணீர்க் குழாயை மாற்றச் சொல்லி மூன்று கிராம சபைகளில் பேசினேன். மூன்றிலும் நன்றாகத் தலையாட்டினார்கள். பிறகு மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) நகல் வாங்கிப் பார்த்தால், முதல் இரண்டு கூட்டங்களில் நான் வாயே திறக்காதது போல இருந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு வரி. அதையும் நான் தப்பாகப் புரிந்துகொண்டு அசடு வழிந்த கதையைக் கீழே சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாகக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது உதவும்.

1. எந்தச் சபை, எப்போது

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர்கள் முதலில் குழம்புவது இதில்தான். அங்கே குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று தேதிகள் காலண்டரிலேயே இருக்கும். ஊராட்சி மொத்தத்துக்கும் ஒரே சபை. கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை, அதற்கு நிலையான தேதி கிடையாது. 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும். கூட்டுகிறவர் வார்டு மெம்பர். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாமல் விட்டால் அவர் பதவிக்கே ஆபத்து. அதனால் கூட்டம் எப்படியும் நடக்கும், நமக்குத் தெரியாமல் நடந்துவிடும் என்பதுதான் பிரச்சினை.

நோட்டீஸ் பலகையை நான் நம்புவதில்லை. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின் (அக்கம்பக்கத்துப் பெண்களின் சுய உதவிக் குழு) வாட்ஸாப் குழுவில்தான் தகவல் முதலில் வரும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அதில் இருக்கும் அக்கா ஒருவரிடம் சொல்லி வையுங்கள். 2025 டிசம்பர் தேர்தலுக்கு முன்னால் வார்டுகளைத் திருத்தி அமைத்தார்கள், ஆகவே உங்கள் பழைய வார்டு எண் இன்றும் அதேதானா என்று வாக்காளர் பட்டியலில் பாருங்கள்.

அவசர விஷயமென்றால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டு, எதைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தால், 15 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும்.

2. வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மனுவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இரண்டு பிரதி வேண்டும், ஒன்றில் சீல் போட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்து அடிப்பதைவிட, கோடு போட்ட தாளில் கார்பன் வைத்துக் கையால் எழுதுவதே எனக்குப் பிடிக்கும். அங்கே அடித்தால் அவர்கள் தங்கள் வழக்கமான வாசகத்தைப் போட்டு நம் விஷயத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. ‘மலையாளத்தில் கொண்டு வாங்க’ என்று யாராவது சொன்னால் சண்டை வேண்டாம், அந்தச் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மனுவின் மேலேயே எழுதிவிடுங்கள்.

3. கூட்டத்தில்

வந்ததும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டும் பழக்கம் நம்மிடம் நிறைய. கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம், அதற்கு உங்கள் கையெழுத்து தேவை, நீங்கள் தேவையில்லை! கடைசி வரை உட்காருங்கள். முடிக்கும் முன், ‘நம்ம விஷயத்தை எப்படி எழுதியிருக்கீங்க, ஒருமுறை படிச்சுக் காட்டுங்க’ என்று கேளுங்கள். எனக்கு முதல் இரண்டு முறையும் தவறியது இந்த ஒரு கேள்விதான்.

வீடு, ஆடு, மாடு போன்ற திட்டங்களுக்குப் பயனாளிப் பட்டியல் போடும் கூட்டமென்றால் கட்டாயம் இருங்கள். சபை முன்னுரிமைப்படி போட்ட வரிசையைப் பஞ்சாயத்து பிறகு மாற்ற முடியாது.

4. அந்த ஒரு வரி

இனி என் கதை. நகல் கைக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் படித்துக் காட்டினான். ‘பைப்பு விஷயம் மாற்றிவெச்சு.’ எனக்குத் தலை சூடேறிவிட்டது. மாற்றாத குழாயை மாற்றியதாகவே எழுதிவிட்டார்களே! நேரே அலுவலகத்துக்குப் போய் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். அங்கிருந்த கிளார்க் சிரிக்காமல் சொன்னார்: மாற்றிவெச்சு என்றால் மலையாளத்தில் தள்ளிவைத்தது. இரண்டு மொழியும் தெரியும் என்ற நினைப்பு எனக்கு அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு கவனித்தவை. ‘பரிகணிக்கும்’ என்றால் பரிசீலிப்பார்கள், அதாவது இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ‘சுபார்ச செய்து’ என்றால் பரிந்துரைத்தது. ‘தீருமானிச்சு’ என்றால் முடிவெடுத்தது. கிராம சபை மினிட்ஸில் சுபார்ச என்று வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, எல்லா வார்டு மெம்பர்களும் கூடும் பஞ்சாயத்து கமிட்டியின் மினிட்ஸில் இருக்கிறது. உங்கள் விஷயம் அங்கே எந்தத் தேதியில் எந்தத் தீர்மான எண்ணாக வந்தது என்று தேட வேண்டும். பலரும் சபையோடு நின்றுவிடுகிறார்கள்.

அச்சான மலையாளத்துக்குக் கூகுள் லென்ஸ் போதும். கையெழுத்து என்றால் அது உளறும், மலையாள மீடியம் படித்த பிள்ளைதான் சரி.

5. நகல் வாங்குவது

கமிட்டித் தீர்மானங்களைச் சகர்மா என்ற மென்பொருளில் ஏற்றி வந்தார்கள், 2025 ஏப்ரலில் கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவை பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. முதலில் இணையத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005. பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாள். ‘குழாய் ஏன் மாற்றவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்கு வழவழ பதில்தான் வரும். ‘இன்ன தேதியில் நடந்த இன்ன வார்டு கிராம சபை மினிட்ஸின் நகல்’ என்று காகிதத்தைக் கேளுங்கள். பதிவேடுகளை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கவும் கேட்கலாம்.

பின்னால் சேர்த்தது: இதைப் படித்துவிட்டு மனுப் போட்ட ஒருவருடையது திரும்பி வந்துவிட்டதாம். வேலைக்குப் போகும் வழியில் பொள்ளாச்சியில் ஸ்டாம்பு வாங்கி ஒட்டியிருக்கிறார். தமிழ்நாட்டு ஸ்டாம்பு கேரளத்தில் செல்லாது. சித்தூரிலோ பாலக்காட்டிலோ வாங்குங்கள்.

இன்னொருவர் எங்கள் குழாய் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். கமிட்டி மினிட்ஸில் ‘தீருமானிச்சு’ என்று வந்துவிட்டது, தீர்மான எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் இன்னும் லாரியில்தான் வருகிறது.