முதல் வளைவிலேயே பாதி முடிந்துவிடும்: குதிரை ஓட்டத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

ஊட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரேஸ் கோர்ஸ் வேலியோரம்தான் நான் குதிரை ஓட்டம் பார்க்கப் பழகினேன். கோடை சீசன் தொடங்கினால் சித்தப்பா கூட்டிப் போவார். கடைசி இருநூறு மீட்டரில் ஊரே கத்தும். அவர் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டு, "முதல் வளைவிலேயே முடிஞ்சு போச்சுடா" என்பார். அது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. 2024 ஜூலையில் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. இனி வீடியோவை வைத்துத்தான் பழக வேண்டும். பணம் கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, பார்க்கத் தெரிந்தால் ஓட்டம் அவ்வளவு அழகு.

முதல் வேலை, வகை பிரிப்பது. ஒவ்வொரு குதிரையும் தன் கடைசி மூன்று ஓட்டங்களில் முதல் 400 மீட்டரை எந்த இடத்தில் கடந்தது என்று பாருங்கள். முன்னே பாய்வதற்கு ‘மு’, ஒட்டியே வருவதற்கு ‘ஒ’, பின்தங்கி வந்து கடைசியில் பிடிப்பதற்கு ‘பி’ என்று பேருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, ‘மு’ எத்தனை என்று எண்ணுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு ‘மு’ இருந்தால் வேகத்தை அதன் ஜாக்கியே (குதிரை மேல் உட்கார்ந்து ஓட்டுபவர்) தீர்மானிப்பார். மெதுவாகக் கூட்டிப்போய் மூச்சை மிச்சம் பிடிப்பார், பின்னால் வருபவை எட்டிப் பிடிப்பது கஷ்டம். மூன்று ‘மு’ இருந்தால் ஒன்றை ஒன்று விடாது. எந்தக் குதிரையாலும் முழு வேகத்தைச் சில நூறு மீட்டருக்கு மேல் தாங்க முடியாது; தசைக்கு ஆக்சிஜன் போதாமல் கால் கனக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றே மெல்லிசு, கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியின் 2022 வீடியோவைத் தேடிப் பாருங்கள். தூரம் 2 கிலோமீட்டர். முதல் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர், 21.78 நொடியில் பறந்தது. அப்போது முன்னால் போன சம்மர் இஸ் டுமாரோ என்ற குதிரை இருபதில் கடைசியாக வந்தது. கூட்டத்தின் பின்னால் கிடந்த, யாரும் கணக்கிலேயே எடுக்காத ரிச் ஸ்ட்ரைக் ஜெயித்தது.

அடுத்தது தூரமும் வளைவும். 1000, 1200 மீட்டர் ஓட்டத்தில் ‘பி’ குதிரைக்கு எட்டிப் பிடிக்க நேரம் போதாது. அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். அது ஒரு குதிரை நீளத்தைவிட அதிகம்.

சரி, இப்போது ஓட்டத்தின் வீடியோவைப் போடுங்கள். முன்னால் போகும் ஜாக்கியின் கையைப் பாருங்கள். கடிவாளத்தை இழுத்துப் பிடித்து அசையாமல் உட்கார்ந்திருந்தால் குதிரையிடம் இன்னும் தெம்பு இருக்கிறது. வளைவு முடியும் முன்பே தோள் ஆடி, கை தள்ளத் தொடங்கினால் தீர்ந்துகொண்டிருக்கிறது. சோர்ந்த குதிரையின் தலை மேலே தூக்கும், பாய்ச்சல் குறுகும், ஓரமாக நகரும்.

அப்புறம், முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். வேகப் போட்டியில் மாட்டி ஐந்தாவதாக வந்த ‘மு’ குதிரையின் பேருக்குப் பக்கத்தில் அடையாளமாக ஒரு புள்ளி வையுங்கள். அது அடுத்த ஓட்டத்தில் தனி ‘மு’வாக இறங்குகிறதா என்று பாருங்கள்.