பூங்காவுக்கு வராதவர்களை வரவழைப்பது எப்படி?

மாநகராட்சிப் பூங்காவைச் சீரமைப்பது குறித்துக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் பேச்சு எழுந்தால், முதலில் கேட்கப்படுவது திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள். அடுத்தது செயற்கை நீரூற்று. சென்னையின் பல பூங்காக்களில் இவ்விரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆயினும் அதே தெருவில் வசிக்கும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அங்கே கால் வைத்ததில்லை. எனவே புதிதாக எதைக் கேட்பது என்று யோசிப்பதற்கு முன், யார் வருவதில்லை என்பதைக் கண்டறியுங்கள்.

ஒரு வேலைநாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும், காலை 6 மணி முதல் 8 மணி வரையும் மாலை 5 மணி முதல் 7 மணி வரையும் இருவர் வாயிலருகே அமர்ந்து, வருவோரை ஆண், பெண், குழந்தை, முதியவர், ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துபவர் என்று பிரித்து எண்ண வேண்டும். பிறகு சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகச் சென்று, வராதவர்களிடம் காரணம் கேளுங்கள். காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நான்கு மணிக்குத் திறக்கும் பூங்காவாக இருந்தால், வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பகலில்தான் ஓய்வு கிடைக்கிறது என்று சொல்லும் பெண்கள் நிச்சயம் இருப்பார்கள். இந்தக் குறையைத் தீர்க்கச் செலவே இல்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

அடுத்து, அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு வாயிலுக்குச் செல்லுங்கள். என் தாயார் இடுப்பு எலும்பு முறிந்து வாக்கர் பிடித்து நடந்த காலத்தில், வீட்டுக்கு அருகிலிருந்த பூங்காவில் இரு சக்கர வாகனங்களைத் தடுப்பதற்காக நட்டிருந்த இரும்புத் தூண்களுக்கு இடையே 58 சென்டிமீட்டர்தான் இருந்தது. வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பித் தூக்கிக் கடத்திய பிறகே அவர் உள்ளே போக முடிந்தது. மறுவாரம் முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் இருப்பவர் கைகளால் சக்கரத்தைத் தள்ளியபடி தடையின்றிச் செல்வதற்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆனால் அவ்வளவு இடம் விட்டால் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும் என்று காவலாளி சொல்வதும் பொய்யல்ல. இதற்கு முழுமையான தீர்வு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடைப்பயிற்சி நேரங்களில் காவலாளியின் கண்ணெதிரே பெரிய கதவைத் திறந்து வைப்பதும், மற்ற நேரங்களில் அழைத்தால் உடனே திறப்பதற்கு மணி ஒன்றைக் கைக்கெட்டும் உயரத்தில் பொருத்துவதும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாயிற்படியின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சாய்தளத்தின் சரிவு 1:12 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 15 சென்டிமீட்டர் உயரமுள்ள படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் தேவை. படியின் மேல் ஒரு கை சிமெண்டைப் பூசிவிட்டுச் சாய்தளம் என்று கணக்குக் காட்டும் வழக்கம் உண்டு; அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினாலும் பின்னோக்கிக் கவிழும்.

உள்ளே நடைபாதைதான் முக்கியம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முதியவர்கள் வாரத்தில் மூன்று நாள்களாவது உடற்சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. இந்த இரண்டுக்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வேர் தூக்கிவிட்ட பேவர் கற்களைப் பெயர்த்துச் சமப்படுத்தி, அடிமரத்தைச் சுற்றி மண்ணை மூடாமல் விட்டு, பாதையின் ஓரமாகப் பத்து மீட்டர் நீளத்துக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்தினால், அதைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகலாம். முப்பது மீட்டருக்கு ஒன்றாக, முதுகும் கைப்பிடியும் உள்ள இருக்கைகளைத் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் அமையுங்கள். தாழ்வான சிமெண்ட் திண்டில் அமர்ந்த மூட்டுவலிக்காரர் எழுந்திருக்கப் படும் பாடு சொல்லி மாளாது. கூழாங்கல் பாதை இருந்தால் அதனருகே எச்சரிக்கைப் பலகை ஒன்று அவசியம்: நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் அதில் நடந்தால், புண் ஏற்பட்டாலும் தெரியாது.

நிழலுக்கு வேம்பு, புங்கை, மகிழம் போன்ற மரங்களை நடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, விரைவாக வளர்ந்தாலும் எளிதில் முறியும் அயல் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. நீரூற்று ஏற்கெனவே இருந்து, ஓடாமல் நின்றிருந்தால், தொட்டியை வாரம் ஒருமுறை வற்றவிட்டுத் தேய்த்துக் கழுவச் செய்யுங்கள்; டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களே ஆகும். விளக்குகள் மரக்கிளைகளுக்கு மேலே எரிந்து பயனில்லை. கிளைகளுக்குக் கீழே, பாதையில் வெளிச்சம் விழுமாறு அமைய வேண்டும்.

கோரிக்கையை எழுதும்போது ‘பூங்காவை மேம்படுத்த வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த வாயில், எத்தனை சென்டிமீட்டர், எத்தனை வீட்டினர் என்ன சொன்னார்கள் என்பதைப் புகைப்படத்துடன் ஒரே தாளில் தாருங்கள்; மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பொதுஇடங்களை அணுகும் உரிமையை வழங்குகிறது என்பதையும் குறிப்பிடுங்கள். சென்னையில் சிறு பழுதுகளுக்கு 1913 என்ற எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துவைக்கலாம். பெரிய வேலைகளை மாமன்ற உறுப்பினர் முன்னிலையில், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கைத் தர முன்வந்தால், நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மீதியை அரசிடம் கேட்க வழி உண்டு. எதற்கும் பதில் வராவிட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். புல் வெட்டுவது முதல் விளக்கு மாற்றுவது வரை ஒப்பந்ததாரர் எவற்றுக்குப் பொறுப்பு என்பது அதில் இருக்கும்.

பணி முடிந்து மூன்று மாதங்கள் கழித்து, அதே நேரங்களில் அதே வாயிலில் அமர்ந்து மீண்டும் எண்ணுங்கள். முதல் முறை எண்ணிக் குறித்த தாளில் வெறுமையாக இருந்த கட்டங்கள் இப்போதும் வெறுமையாகவே இருந்தால், அளவுநாடாவுடன் சக்கர நாற்காலியில் வரக்கூடிய ஒருவரையும் அழைத்துக்கொண்டு, அவருடைய வீட்டு வாசலிலிருந்தே அளக்கத் தொடங்குங்கள். தடை பெரும்பாலும் பூங்காவுக்கு வெளியே, நடைமேடையை அடைத்து நிறுத்திய வண்டியிலோ மூடியில்லாத மழைநீர் வடிகாலிலோ இருக்கும்.